சாலை என்னும் சொல்லில் நின்ற நிழல்

பத்தாண்டுகளுக்கு முன்னர், ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், நம் இலக்கிய வட்டத்தின் முதற்கூட்டம் ஒரு பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் நடைபெற்றது. அரங்கம் எடுக்கப் பணமில்லை, மின்விசிறி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பதினான்கு பேர் கூடினோம். மூன்று மணி வெயிலில் நடந்து வந்தவர்கள் முதலில் தண்ணீர் குடித்தார்கள். பிறகு கவிதை படித்தார்கள். அன்று படிக்கப்பட்ட கவிதைகளுள் பல எனக்கு மறந்துவிட்டன. அந்த நிழல் மட்டும் மறக்கவில்லை.

ஐந்தாம் ஆண்டு நிறைவின்போது, நினைவாக ஒரு மரம் நட வேண்டுமென்று முடிவு செய்தோம். பேருந்து நிறுத்தத்தின் அருகில் இடம் கிடைத்தது. எந்த மரம் என்ற கேள்வி எழுந்தபோது, செம்மயிற்கொன்றையே ஏற்றது என்று முன்மொழிந்தவன் நான். விரைவில் வளரும், கோடையில் தீப்பிழம்பு போலப் பூக்கும், கவிஞர்கள் நட்ட மரம் என்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் என்பன என் காரணங்கள். மரம் நான் சொன்னபடியே வளர்ந்தது, பூத்தது. ஆனால் ஆண்டுதோறும் மாசி பிறந்ததும் அது தன் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, பங்குனி வெயிலில் வெறுங்கிளைகளோடு நிற்கிறது. கீரைக்கூடையோடு பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள், அந்த மரத்தை விட்டு விலகி, எதிரே உள்ள கடைச்சுவரின் ஒரு முழ நிழலில் ஒட்டி நிற்பதைக் காண்கிறேன். அழகைத் தேர்ந்தேன், நிழலைத் தேரவில்லை.

இப்போது பத்தாம் ஆண்டு. மீண்டும் மரம் நடுவதென்று தீர்மானித்திருக்கிறோம். இம்முறை முன்மொழிவதற்கு முன்னால், இந்நாட்டில் நம் முன்னோர் கோடைக்கு நிழல் தேர்ந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது என் கடமை என்று தோன்றியது. அவ்வாறு பார்த்ததில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

சொல்லும் பொருளும்

முதலில் ஒரு சொல். பண்டைத் தமிழில் வழிக்குப் பல பெயர்கள் உண்டு: ஆறு, நெறி, அதர், வழி, பெருவழி. சாலை என்பது அக்காலத்தில் கூடத்தையும் அறம் நடக்கும் இடத்தையும் குறித்தது. அறச்சாலை, பாடசாலை, வேள்விச்சாலை ஆகிய தொடர்களில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. அதே சொல் பிற்காலத்தில் வழியையும் குறிக்கத் தொடங்கியபோது, எல்லா வழியையும் அது குறிக்கவில்லை. பழைய அகராதிகளைப் புரட்டினால், இருமருங்கும் மரங்கள் நிற்கும் பெருவழி என்றே அதற்குப் பொருள் கூறியிருப்பதைக் காணலாம். மரம் இல்லாத வழி வெறும் வழி. மரம் நின்றால்தான் அது சாலை. இருபுறத்துக் கிளைகளும் மேலே கூடிக் கூரையாகும்போது, நடப்பவனுக்கு அது ஒரு நீண்ட கூடமாகவே தோன்றியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

இன்று இந்தச் சொல்லைப் புறவழிச்சாலை, நான்குவழிச்சாலை, விரைவுச்சாலை என்றெல்லாம் பயன்படுத்துகிறோம். சொல் தங்கியிருக்கிறது. அதன் உள்ளே நின்ற மரம் போய்விட்டது. இலக்கியம் பயில்வோராகிய நாம் சொல்லின் பொருள் தேய்வதைப் பற்றி அடிக்கடி வருந்துகிறோம். இங்கே தேய்ந்தது சொல்லின் பொருள் மட்டுமன்று. உச்சி வெயிலில் நடக்கும் ஒருவனுடைய உரிமையும் தேய்ந்திருக்கிறது.

சான்றோர் கண்ட நிழல்

கோடையைத் தமிழர் அளவுக்கு இலக்கியத்தில் எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. ஐந்திணைகளுள் ஒன்று முழுவதும் வெயிலுக்கே உரியது. அத்திணைக்கும் ஒரு மரத்தின் பெயரையே சூட்டினர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் நிலை தோன்றுகிறது என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. பாலை நிலையான பாலைவனம் அன்று; மழையும் மரமும் தவறும்போது எந்நிலமும் அடையக்கூடிய ஒரு நிலை. இக்கருத்தின் ஆழத்தை நம் காலத்தில்தான் நாம் முழுமையாக உணர்கிறோம்.

பாலைப் பாடல்களைப் படிப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். அங்கே நிழல் உண்டு. ஆனால் அது மெலிந்த நிழல். இலையுதிர்ந்த கிளைகளின் ஊடே கோடு கோடாகத் தரையில் விழும் நிழலைச் சான்றோர் துல்லியமாகப் பதிவு செய்திருக்கின்றனர். வாகை மரத்தின் முற்றிய நெற்றுகள் காற்றில் கலகலப்பதைக் கழைக்கூத்தரின் பறையொலிக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகை. நெற்று ஒலிக்க வேண்டுமென்றால் இலை உதிர்ந்திருக்க வேண்டும். அந்த வழியில் செல்லும் தலைவனுக்கும் தலைவிக்கும் ஒதுங்க இடமில்லை என்பதை, வாகையின் ஒலியைச் சொல்லியே கேட்போர் உணருமாறு செய்துவிடுகிறார் புலவர். எந்த மரம் எந்தப் பருவத்தில் இலையோடு நிற்கும், எது வெறுமையாய் நிற்கும் என்ற அறிவு அன்றைய கேட்போருக்கும் இருந்ததால்தான் இக்குறிப்பு வேலை செய்தது.

ஊருக்குள் வந்தால் காட்சி மாறுகிறது. மன்றம் என்பது மரத்தடி. வழக்குத் தீர்ப்பதும், விருந்தினர் தங்குவதும், முதியோர் கூடுவதும் அதன் நிழலில். நெய்தல் நிலத்தில் புன்னை அந்த இடத்தைப் பெறுகிறது. விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்து மரமாக, அதைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த பெண்ணுக்கு அம்மரம் தங்கை முறை என்று தாய் சொல்லியதாக நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. தங்கையின் முன்னிலையில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள் அவள். ஒவ்வொரு மன்னனுக்கும் காவல் மரம் ஒன்றிருந்ததும், பகைவர் முதலில் அதையே வெட்ட முனைந்ததும் நாம் அறிந்தவை. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்த செய்தியைப் பதிற்றுப்பத்து பெருமையோடு கூறுகிறது. மரத்தைச் சாய்த்தால் ஊர் சாயும் என்பதை வெட்டியவனும் அறிந்திருந்தான்.

கல்லில் பொறித்த நிழல்

வழியோர நிழலை அரசின் கடமையாக எழுதிவைத்த மிகப் பழைய சான்றுகள் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகனின் கல்வெட்டுகள். அவற்றின் எழுத்தை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்த பிறகே அவை உலகுக்குத் தெரிய வந்தன. இரண்டாம் பாறைக் கட்டளையில், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்ததையும், வழிகளில் கிணறு தோண்டி மரம் நட்டதையும் அரசன் குறிப்பிடுகிறான். தன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட எல்லைநாட்டினராகச் சோழரும் பாண்டியரும் கேரளபுத்திரரும் அதிலேயே சுட்டப்படுகின்றனர். எனவே இது நமக்கு அயல்செய்தி அன்று. ஏழாம் தூண் கட்டளையோ இன்னும் தெளிவானது. வழியோரம் ஆலமரங்களை வைத்தேன்; அவை விலங்குக்கும் மனிதர்க்கும் நிழல் தரும்; மாந்தோப்புகளையும் வைத்தேன் என்னும் கருத்து அதில் காணப்படுகிறது. இங்கே இரண்டு கருதத்தக்கன. ஒன்று, மரத்தின் பெயர் சொல்லப்படுகிறது; ஏதோ ஒரு மரம் என்று விடப்படவில்லை. இரண்டு, நிழல் யாருக்கு என்பதும் சொல்லப்படுகிறது. அப்பட்டியலில் விலங்கும் இருக்கிறது. நிழல்மரம் தேர்வோர் முதலில் விடை காண வேண்டிய கேள்விகள் இவ்விரண்டே.

தமிழகத்துக் கல்வெட்டு ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். தருமபுரிப் பகுதியில் கிடைத்த, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் காதக்கல் அது. அதியமான் பெருவழியில் நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு இன்னும் 29 காதம் இருக்கிறது என்பது அதன் செய்தி. எழுத்தறியாதவரும் தொலைவை உணரும்படி, எண்ணைப் பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதுமாகக் கல்லில் குடைந்து வைத்திருக்கின்றனர். தாவளம் என்பது வணிகரும் வழிப்போக்கரும் தங்கும் இடம். நாவல் தாவளம் என்று அப்பெயரைப் பிரித்துப் படித்தால், நாவல் மரத்தின் பெயராலேயே அந்தத் தங்குமிடம் அறியப்பட்டது எனலாம். 29 காதம் கடந்து போகிறவனுக்கு வழியின் முடிவாகக் காட்டப்பட்ட பெயரில் ஒரு மரம் நிற்கிறது.

நம் ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்று. ஆலங்குடி, அரசூர், வேப்பூர், புளியங்குடி, இலுப்பூர், மருதூர், நாவலூர், புங்கனூர் என்று நீளும் பட்டியலைச் சொல்லிப் பார்த்தால், தமிழ்நாட்டின் நிழல்மரங்களின் அட்டவணையே கிடைத்துவிடும். கோயில்கள் தலமரம் என்ற பெயரில் இவற்றைக் காத்தன. திருவாலங்காட்டில் ஆல், திருவிடைமருதூரில் மருது, திருவானைக்காவில் நாவல். மக்கள் எதன் அடியில் ஒதுங்கினார்களோ அதற்குத் தெய்வத்தன்மை கற்பித்தார்கள்.

மங்கம்மாள் சாலையும் புளிய மரமும்

சாலை என்ற சொல்லோடு மக்கள் நாவில் பிரியாமல் ஒட்டிக்கொண்ட பெயர் இராணி மங்கம்மாள். 1689 முதல் 1706 வரை தன் பேரனுக்காக மதுரை நாட்டை ஆண்ட அவ்வரசியின் காலத்து வழிகளைத் தென்மாவட்டத்து மக்கள் இன்றும் மங்கம்மாள் சாலை என்றே அழைக்கின்றனர். சாலையும் சோலையும் சத்திரமும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்கள் கட்டினர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி எழுப்பிய முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர் பெற்றது. சத்திரத்திலிருந்து சத்திரம் வரை ஒரு பகல் நடை. அந்தப் பகலைக் கடக்க உதவியவை மரங்கள்.

அம்மரங்களுள் முதலிடம் பெற்றது புளி. ஆல் பெரிதுதான், ஆனால் விழுது ஊன்றி அகன்று வழியையே விழுங்கிவிடும். அதற்கு ஊர்ப்பொதுவும் குளக்கரையுமே இடம். புளி அவ்வாறன்று. ஆணிவேர் ஆழச் செல்வதால் புயலுக்கு எளிதில் சாயாது. கிளைகள் வலிமையானவை, காற்றில் முறிந்து வழிப்போக்கன் தலையில் விழுவது அரிது. சிற்றிலைகள் செறிந்து வெயிலைச் சல்லடையாய் அரித்து இறக்கும். பழைய இலை உதிர்வதும் புதிய இலை தளிர்ப்பதும் சிறிது சிறிதாக நடப்பதால், கோடையில் மரம் வெறுமையாய் நிற்பதில்லை. ஆடுமாடு எளிதில் அழிக்காது. நூறாண்டுக்கு மேலும் வாழும். தை முதல் பங்குனி வரை பழம் தரும். சாலைப் புளிய மரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடும் வழக்கம் தொடர்ந்து வந்திருப்பதால், மரத்தின் காவலுக்கு அதன் வருமானமே துணை நின்றது. அடிமரத்தில் வரிசை எண் எழுதி, இரவில் தெரியும்படி வண்ணப்பட்டை பூசிய புளிய மரங்களை நம் தலைமுறை நன்கு அறியும்.

இம்மரங்களின் அடியில் ஆங்காங்கே சுமைதாங்கிக் கற்கள் நின்றன. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்க முடியாத சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் சுமை இறக்கும் கல்லை நிறுத்துவது நம் நாட்டு மரபு. இரண்டு நடுகல், மேலே ஒரு குறுக்குக்கல். தலைச்சுமையை இறக்கத் துணையாள் வேண்டாம். மீண்டும் ஏற்றவும் வேண்டாம். துயரத்தைப் பிறருக்கு உதவியாக மாற்றிய அந்தக் கல்லுக்கு ஏற்ற இடமாக மரநிழலைத் தேர்ந்தவர்கள் கவிதை எழுதாத கவிஞர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் புளி பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாவரவியலார் அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்கின்றனர். மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து, தமிழில் பெயர் பெற்று, சமையலறையில் குடியேறி, பேய்க்கதைகளிலும் இடம் பிடித்துவிட்டது. ஆகவே உள்நாட்டு மரம் நல்லது, வெளிநாட்டு மரம் தீயது என்று ஒரே கோட்டில் தீர்ப்பளிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் யாருக்கு என்ன செய்தது என்பதே தக்க கேள்வி.

கப்பலில் வந்த மரங்கள்

அந்தக் கேள்வியோடு 19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் தாவரத் தோட்டங்கள் வழியாகப் புதிய மரங்கள் பல வந்தன. மடகாசுகர் தீவிலிருந்து செம்மயிற்கொன்றை, தென்னமெரிக்காவிலிருந்து தூங்குமூஞ்சி, தென்கிழக்காசியாவிலிருந்து மஞ்சள் பூ கொட்டும் பெருங்கொன்றை. தூங்குமூஞ்சி உண்மையிலேயே பெரிய நிழல் தரும் மரம். மாலையில் இலைகளை மடித்துக்கொள்ளும் அதன் இயல்புக்கு நம் மக்கள் இட்ட பெயரில் நகைச்சுவையும் அன்பும் கலந்திருக்கின்றன. பரந்த திடலுக்கும் அகன்ற சாலைக்கும் அது ஏற்றது. ஆனால் அதன் கிளைகள் கனமானவை, மரமோ மென்மையானது. நெருக்கமான தெருவுக்கு ஏற்றதன்று.

பிற மரங்களுக்கு வேறு நோக்கம் இருந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி புறப்பட்ட பிறகு, நீராவி எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டது. காடுகள் சுருங்கின, கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகின. சவுக்கின் ஊசியிலைகள் காற்றில் இனிமையாகப் பாடும். அடியில் நிற்பவனுக்கு நிழல் என்று சொல்லத்தக்கது குறைவே. அது எரிவதற்காக நடப்பட்ட மரம்.

சீமைக் கருவேலத்தின் வரலாறும் அவ்வாறே. 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவிக்கப்பட்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் அது விதைக்கப்பட்டது. அது தாது வருடப் பெரும் பஞ்சத்தின் காலம். வறண்ட நிலத்தில் எதுவும் வளராதபோதும் இது வளர்ந்தது. விடுதலைக்குப் பின்னும் விறகுக்காகப் பரப்பப்பட்டது. இராமநாதபுரத்தில் அதன் கரிமூட்டம் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை நாம் மறுக்கலாகாது. அதே மரம் கண்மாய்களிலும் ஆற்றுப்படுகைகளிலும் புகுந்து முட்புதராய் மண்டியது. அதை அகற்றக் கோரும் வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றன. வளர்ச்சியின் வேகத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

நம் காலத்து இழப்பு

விடுதலைக்குப் பின், 1950இல் கே. எம். முன்ஷி வனமகோற்சவ விழாவைத் தொடங்கிவைத்தார். சூலை மாதத்தில் நாடெங்கும் மரம் நடும் விழா அது. வடநாட்டில் அப்போது பருவமழை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அது ஆடிக் காற்றின் காலம். நமக்குரிய பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். நல்ல நோக்கத்தோடு ஆடியில் நட்ட கன்றுகளுக்கு இரண்டு மூன்று மாதம் குடம் குடமாய் நீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் அவை கருகுவது இயல்பு. நடும் மரத்தைப் போலவே நடும் மாதமும் அந்தந்த மண்ணுக்கு உரியது.

வீடுகளின் சுற்றுச்சுவரோரம் நெட்டிலிங்கம் வரிசையாக வந்தது. அதற்கு அசோக மரம் என்று பெயர் மாற்றியும் சொன்னோம். உண்மையான அசோகு வேறு. நெட்டிலிங்கம் குத்தீட்டிபோல் மேலே செல்லும், இடத்தை அடைக்காது, நிழலையும் தராது. சுவருக்கு வெளியே நிற்பவனுக்கு எதையும் தர வேண்டாம் என்று கருதும் வீட்டுக்குத் தக்க மரம் என்று கடுமையாகச் சொல்லத் தோன்றுகிறது.

2000ஆம் ஆண்டுக்குப் பின் பெருஞ்சாலைகள் நான்கு வழிகளாக விரிந்தன. சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாகக் குமரி வரை செல்லும் பெருவழியும் அவற்றுள் ஒன்று. பயணம் விரைவாயிற்று, விளைபொருள் சந்தைக்கு விரைந்து சென்றது. அதே பணியில் வழிநெடுக நின்ற புளிய மரங்கள் வீழ்ந்தன. எங்கள் ஊருக்குப் போகும் வழியில் மரங்கள் அறுபட்ட வாரத்தில் நான் அந்தப் பேருந்தில் சென்றேன். சாலையோரம் கம்பங்கூழ் விற்கும் முதியவள், தன் பானையோடு வெட்டப்பட்ட அடிமரத்தின் மேல் அமர்ந்து, தலைக்குமேல் சேலை முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தாள். அவள் வாழ்நாளில் அங்கே குடை தேவைப்பட்டதில்லை. சாலை நடுவே இப்போது அரளிச் செடிகள் பூக்கின்றன. எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை மறைக்க அவை பயன்படுகின்றன. நடப்பவனுக்கு அவற்றால் பயனில்லை.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் நூலாக வெளிவந்தது. நாற்சந்தியில் நின்ற ஒரு மரத்தைக் கடைவீதிப் போட்டியும் ஊர் அரசியலும் சேர்ந்து கொல்லும் கதை அது. அந்நாளில் ஒரு மரத்தின் சாவு ஒரு நாவலுக்குப் போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கில் அவை வீழ்ந்தபோது நம் கவிஞர்கள் எத்தனை வரிகள் எழுதினோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2016 திசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, தெருவோர மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அவற்றுள் பெருங்கொன்றையும் செம்மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் மிகுதி என்பது அன்று தெருக்களைக் கண்டவர் அறிந்தது. வேருக்கு இடம் விடாமல் அடி வரை சிமெண்டு பூசியதும் ஒரு காரணம். மரத்தை மட்டும் குற்றம் சொல்வது முறையன்று.

பங்குனியில் பார்த்துத் தேர்க

இவ்வளவும் கூறியபின், என் முன்மொழிவுக்கு வருகிறேன். நிழல்மரம் தேர்வதற்கு நம் மரபு தரும் அளவுகோல் எளிது: பங்குனி, சித்திரையில் நடுப்பகலில் வெளியே சென்று பாருங்கள். அப்போது எந்த மரத்தடியில் ஆடும் நாயும் மனிதனும் படுத்திருக்கிறார்களோ அந்த மரமே நமக்கு வேண்டியது.

வேம்பு மாசியில் இலையுதிர்த்து, பங்குனிக்குள் செந்தளிர் விட்டு, சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூவும் தந்துவிடும். வறண்ட மண்ணுக்கு அதுவே முதல் தேர்வு. புங்கு இன்னும் விரைவானது. இலையுதிர்ந்த இரண்டு மூன்று வாரத்தில் கண்ணாடிபோல் மினுங்கும் இளம்பச்சையால் தன்னை மூடிக்கொள்ளும். உதிர்ந்த அதன் பூக்களைச் சான்றோர் பொரிக்கு ஒப்பிட்டனர். அளவான உயரம், தரை வரை இறங்கும் குளிர்ந்த நிழல். குறுகிய தெருவுக்கு ஏற்றது. நீர்க்கரைக்கு மருதும் நாவலும். கடலோரத்து உப்புக் காற்றுக்குப் புன்னையும் பூவரசும். பெரிய பொதுத்திடலுக்கு ஆலும் அரசும் இலுப்பையும். ஆனால் அவற்றைச் சுவரருகிலும் கிணற்றருகிலும் வைக்கலாகாது. நீண்ட சாலைக்குப் புளி. அது மெதுவாக வளரும். நட்டவன் நிழலை முழுமையாக அனுபவிக்க மாட்டான். அதை அறிந்தே நட்டவர்கள் நம் முன்னோர்.

செம்மயிற்கொன்றையை வெட்டச் சொல்லவில்லை. அது பூக்கட்டும், அந்த அழகுக்கும் உலகில் இடமுண்டு. அதன் பக்கத்தில், பேருந்துக்குக் காத்திருப்போர் நிற்கும் இடத்தில், இரண்டு புங்கங்கன்றுகளை நடுவோம். ஆடியில் வேண்டாம், புரட்டாசி இறுதியில், முதல் மழைக்குப் பின் நடுவோம். மூன்று முழ அகலத்துக்கு மண்ணைத் திறந்து வைப்போம். சிமெண்டு அதை நெருங்கக் கூடாது. கல்வெட்டு வேண்டாம். நட்டவர் பெயர்ப்பலகையும் வேண்டாம். மரம் நடுதல் ஒருநாள் வேலை; மூன்று கோடைக்கு நீர் ஊற்றுவதே உண்மையான பணி. அந்தப் பணிக்கு முறைப்பட்டியல் ஒன்றை நானே எழுதி வைத்திருக்கிறேன். முதல் கோடையின் பங்குனி மாதம் என் பெயரில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு முன் செய்த தவற்றுக்கு அது சிறு கழுவாய்.

நம் வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலர் வரும்போது நம்முள் சிலர் இருக்கமாட்டோம். அந்தப் புங்க மரங்கள் இருக்கும். அவற்றின் கீழ் நின்று பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு நம் கவிதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இங்கே வெயில் தெரியவில்லை என்று அவள் பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னால் போதும்.